பத்திரம் சொல்வது பாதி. மண் சொல்வது மீதி!

ஆத்தூரில் ஒரு வீடு விலைக்கு வந்தால் எதை எதைப் பார்க்க வேண்டும்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

இந்தக் காலத்தில் கட்டுவதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று இருக்கிறது. அதுதான், கட்டிய வீட்டை வாங்குவது!

கட்டுகிறவருக்குத் தன் வீட்டின் கதை தெரியும். அஸ்திவாரம் எத்தனை அடி, கம்பி எத்தனை கிலோ, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் தெரியும். வாங்குகிறவருக்கு அது தெரியாது. விற்கிறவர் சொல்வதும், தரகர் சொல்வதும்தான் அவர் காதில் விழும்.

ஆனால், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சரித்திரங்கள் உண்டு.

ஒன்று, காகிதத்தில் இருக்கிறது. யார் விற்றார், யார் வாங்கினார், எப்போது அடமானம் வைத்தார் என்ற கதை அது. ரிஜிஸ்தர் ஆபீசில் அது கிடைக்கும்.

மற்றொன்று, மண்ணில் இருக்கிறது. தண்ணீர் எங்கே தேங்கியது, கிணறு எப்போது உப்பாயிற்று, பக்கத்து வயல் எப்போது வீட்டுமனை ஆயிற்று என்ற கதை அது. அதை எந்த ஆபீசிலும் முழுவதாக எழுதி வைக்கவில்லை.

இரண்டையும் படித்தவர் ஏமாறுவது அரிது. ஒன்றை மட்டும் படித்தவர் பாதிக் கதை கேட்டவர்!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முக்காணியைத் தாண்டினால் தாமிரபரணிப் பாலம். பாலத்தைக் கடந்தால் ஆத்தூர்.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி வரும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதற்கு முன் கடைசியாகத் தொட்டுச் செல்லும் ஊர்களில் ஒன்று ஆத்தூர்.

ஆத்தூர் என்றால் வெற்றிலை. கொடிக்காலில் விளையும் அந்த வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வாழையும் நெல்லும் விளையும் பூமி. கொஞ்சம் தெற்கே போனால் ஆறுமுகநேரி உப்பளங்கள். அதன் அருகே சாகுபுரத்தில் 1950-களின் கடைசியில் வந்த ரசாயனத் தொழிற்சாலை. அதற்கும் அப்பால் காயல்பட்டினம்.

இந்தக் கடற்கரைப் பக்கம் இப்போது பல பெரிய காரியங்கள் நடக்கின்றன.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடி அருகே மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 26-ந் தேதி, தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய கட்டிடமும் திறக்கப்பட்டது.

ராக்கெட் வருகிறது, கார் வருகிறது, விமானம் வருகிறது என்றால் முதலில் பறப்பது எது? நிலத்தின் விலைதான்!

விலை பறக்கும்போது அவசரமும் கூடவே வரும். "இன்று முன்பணம் கொடுக்காவிட்டால் நாளை வேறு ஆள் கொடுத்துவிடுவார்" என்று தரகர் சொல்வார். அந்த அவசரத்தில்தான் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

காகிதத்தின் கதை

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ விற்றால், அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

அப்படிப் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றை வரிசையாக எழுதித் தருவதுதான் வில்லங்க சர்டிபிகேட். பத்திரத்தின் நம்பர், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகை, சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் அதில் இருக்கும். 1975-ம் ஆண்டுக்குப் பிந்திய விவரங்களைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதை ஆபீசில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும்.

"வில்லங்க சர்டிபிகேட் சுத்தமாக இருக்கிறது" என்றால் பலர் நிம்மதி அடைகிறார்கள்.

நிம்மதி அடையலாமா?

ஒரு உதாரணம் பார்க்கலாம். கற்பனை உதாரணம்தான்.

ஒரு இந்துக் குடும்பம். தாத்தா 1961-ல் தன் சம்பாத்தியத்தில் ஒரு வீடு வாங்குகிறார். அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 1994-ல் தாத்தா காலமாகிறார். உயில் எதுவும் இல்லை.

1998-ல் மகன்கள் இருவரும் சேர்ந்து வீட்டை ஒரு வாத்தியாருக்கு விற்கிறார்கள். வாத்தியார் 2006-ல் கடன் வாங்கி, 2014-ல் அடைத்துவிடுகிறார். இப்போது அவர் வீட்டை விற்க வருகிறார்.

வில்லங்க சர்டிபிகேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 1961 கிரயம், 1998 கிரயம், 2006 அடமானம், 2014 அடமானம் ரத்து. குறை என்று சொல்ல ஒரு வரி கிடையாது.

ஆனால், இந்த வரிசையில் இரண்டு பேரைக் காணோம். பாட்டி எங்கே? அத்தை எங்கே?

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாத்தா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். இங்கே நான்கு பேர். ஆளுக்குக் கால் பங்கு.

மகன்கள் இருவரும் விற்க முடிந்தது தங்கள் இரண்டு கால் பங்கை மட்டுமே! பாட்டியின் கால் பங்கையும் அத்தையின் கால் பங்கையும் விற்க அவர்களுக்கு உரிமை இல்லை.

வாத்தியார் பணம் கொடுத்தது முழு வீட்டுக்கு. கைக்கு வந்ததோ அரை வீட்டின் உரிமை!

நாளைக்கு அத்தையோ, அவர் பிள்ளைகளோ கோர்ட்டுக்குப் போனால்? எத்தனை வருஷம் கடந்தது, யார் அனுபவத்தில் வீடு இருந்தது என்பதையெல்லாம் பார்த்துக் கோர்ட்டு முடிவு சொல்லும். அதுவரை வீடு வாங்கியவருக்குத் தூக்கம் போகும்.

ஆகவே, சர்டிபிகேட்டில் இருக்கும் பெயர்களைப் பார்ப்பது மட்டும் போதாது. இல்லாத பெயர்களைத் தேட வேண்டும். வாரிசு சர்டிபிகேட் கேட்பது இதற்காகத்தான்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் கவனம் இன்னும் தேவை. தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதற்குமாக 2005-ம் ஆண்டுத் திருத்தமும் பெண் பிள்ளைகளுக்கு அதில் பங்கு கொடுத்தன. முஸ்லிம் குடும்பங்களுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. பக்கத்துக் காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பது வழக்கம். ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் கேள்வி மாறும்.

பங்குதாரர்களில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் அதுவும் சிக்கல். இந்து மைனர் ஒருவரின் சொந்தச் சொத்தை அவருடைய காப்பாளர் விற்பதற்குக் கோர்ட்டின் அனுமதி தேவை என்று 1956-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை வயது வந்தபின் கேள்வி கேட்கலாம்.

சர்டிபிகேட் சொல்லாதவை

வேறு சில விஷயங்களும் வில்லங்க சர்டிபிகேட்டில் வராது.

பதிவு செய்யாத உயில் வராது. பதிவு செய்த உயில்கூட வேறு புத்தகத்தில் இருக்கும். வாய்மொழியாகப் பிரித்துக் கொண்ட பாகம் வராது. வீட்டு வரி பாக்கி வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பல சமயம் வராது. மாத வாடகைக்குக் குடியிருப்பவர் பெயர் வராது.

இன்னொரு ஆச்சரியமான விஷயமும் உண்டு.

கையெழுத்தான பத்திரத்தை அன்றே பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டு வரலாம். அப்படிப் பதிவானால், பத்திரம் எழுதிய தேதியிலிருந்தே அது செல்லும்!

ஜனவரியில் ஒருவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த ஆள், அதே வீட்டை மார்ச்சில் இன்னொருவருக்கும் எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டாவது ஆள் அன்றே பதிவு செய்கிறார். முதல் ஆள் ஏப்ரலில் பதிவு செய்கிறார். ஜெயிப்பது பெரும்பாலும் முதல் ஆள்தான். மார்ச்சில் எடுத்த சர்டிபிகேட்டிலோ அவர் பெயரே இருந்திருக்காது.

இதற்குப் பரிகாரம், அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்ப்பதுதான். மூலப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை அசல் கையில் இருக்கிறதா? "பாங்கில் இருக்கிறது" என்றால், எந்த பாங்கு, எவ்வளவு கடன் என்று அங்கேயே போய் விசாரிக்க வேண்டும். "தொலைந்துவிட்டது" என்றால், எப்படித் தொலைந்தது என்று நூறு கேள்வி கேட்க வேண்டும்.

விற்கிறவர் சொந்தக்காரர்தானா, பவர் வாங்கியவரா என்பதையும் பார்க்க வேண்டும். வெறும் பவர் பத்திரத்தினால் வீடு கைமாறிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், சாதாரணமாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். ஆகவே அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது முதல் கேள்வி!

பதிவு வேறு, உரிமை வேறு

"ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. இனி வீடு என்னுடையது" என்று சொல்லாதவர் இல்லை.

ஆனால், 2025 நவம்பர் 7-ந் தேதி பீகார் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பழைய உண்மையை மறுபடி நினைவூட்டியது. நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. பதிவு என்பது உரிமைக்கு ஒரு சாட்சி. அதுவே முடிவான தீர்ப்பு ஆகாது.

அதாவது, சப்-ரிஜிஸ்திரார் முத்திரை வைப்பதால், விற்றவருக்கு அந்த வீடு சொந்தம் என்று சர்க்கார் ஜாமீன் நிற்கவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா? இல்லை.

தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-ல் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். அங்கே சர்க்கார் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியதில்லை. நம் தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த முறைதான் வேரூன்றியது.

இங்கே அந்த ஜாமீன் இல்லாததால், விசாரிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 30 வருஷத்து வில்லங்கம் பாருங்கள் என்று வக்கீல்கள் சொல்வது அதனால்தான்.

பட்டாவும் அப்படியே. பட்டா என்பது ரெவினியூ இலாகாவின் கணக்கு. யாரிடம் வரி கேட்பது என்பதற்காக ஏற்பட்டது. 1980-களில் மாநிலம் முழுவதும் நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள். அப்போது சில இடங்களில் பெயர் மாறியது. சில இடங்களில் சர்வே நம்பர் மாறியது. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்றால் அங்கேயே நிற்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகுதான் அடுத்த அடி!

விலையின் கதை பொய்க் கதையா?

இங்கிலாந்தில் ஒரு வீடு என்ன விலைக்குப் போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1995-ம் ஆண்டு முதல் நடந்த விற்பனைகளின் விலையை அந்நாட்டு நிலப் பதிவு இலாகா வெளியிடுகிறது. ஒரே தெருவில் எந்த வீடு எப்போது எவ்வளவுக்குப் போனது என்று வரிசையாகத் தெரியும்.

இங்கேயும் சர்டிபிகேட்டில் தொகை இருக்கிறது. ஆனால், அது உண்மையில் கைமாறிய தொகையா?

பல பத்திரங்களில் அப்படி இல்லை. சர்க்கார் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதற்குக் குறைவாகக் காட்டினால் முத்திரைத் தீர்வையில் தகராறு வரும். அதனால் வழிகாட்டி மதிப்பை எழுதிவிட்டு, மீதியைக் கையோடு கொடுத்து முடிக்கிற வழக்கம் பரவிவிட்டது.

இது ஏன்? செலவை மிச்சப்படுத்தத்தான். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை. 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 20 லட்ச ரூபாய்க் கிரயம் என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 8 லட்சம் என்று எழுதினால் 72 ஆயிரம்தான். 1 லட்சத்து 8 ஆயிரம் மிச்சம் என்று தோன்றும்.

உண்மையில் அது மிச்சமா?

பிற்பாடு விற்கும்போது, 8 லட்சத்துக்கு வாங்கியதாகத்தான் கணக்கு. லாபம் அதிகமாகத் தெரியும். வருமான வரியும் அதிகமாகும். கொடுத்த 12 லட்சத்துக்கு ரசீது கிடையாது. பேரம் முறிந்தால் அந்தப் பணத்தைக் கேட்க வழி கிடையாது.

இன்னொரு நஷ்டம் தெரு முழுவதற்கும் வருகிறது. அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

சாலையை அகலமாக்கவோ, தொழிற்சாலை வைக்கவோ சர்க்கார் நிலம் எடுக்கும்போது நஷ்டஈடு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களின் விலையையும், பத்திரப் பதிவுக்கான மதிப்பையும் பார்க்கிறார்கள். தெருவில் எல்லோரும் விலையைக் குறைத்து எழுதியிருந்தால், நஷ்டஈடும் அந்தக் குறைந்த விலையை வைத்தே தொடங்கும்!

அடுத்த வீட்டுக்காரர் மிச்சப்படுத்திய தீர்வை, இந்த வீட்டுக்காரரின் நஷ்டஈட்டைக் குறைக்கிறது. பெரிய திட்டங்கள் வரும் கடற்கரையில் இது சின்ன விஷயம் அல்ல.

நேர்வழியிலேயே சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டுக்கார அம்மாள் பெயரில் வீடும் இருக்கும், கட்டணமும் குறையும்!

மண்ணின் கதை

இனி இரண்டாவது சரித்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தரையில் தேங்க விட்டு அளந்தால் மூன்று அடிக்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பிரயாணிகள் தவித்தார்கள். ஏரலில் பாலம் சேதமடைந்தது. ஏரல், ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் வாழையும் வயலும் மூழ்கின. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அந்த வெள்ளம் எந்த வில்லங்க சர்டிபிகேட்டிலாவது பதிவாகி இருக்கிறதா? இல்லை!

ஒரு வீட்டை 2022-ல் விற்றாலும், 2024-ல் விற்றாலும் பத்திரத்தில் எல்லை ஒன்றுதான். கிழக்கே தெரு, மேற்கே வாய்க்கால், வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை. நடுவில் ஆறு வந்து போனதைப் பத்திரம் சொல்லாது.

அது ஒரு தடவை வந்த வெள்ளம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1992 நவம்பரிலும் தாமிரபரணி கரை மீறியது. ஆற்றுக்கு மறதி கிடையாது. தான் ஓடிய வழி அதற்கு எப்போதும் நினைவிருக்கும்.

கொற்கை சொல்லும் பாடம்

இந்தப் பூமியே ஆறு செய்த பூமி.

ஆத்தூருக்கு அருகில்தான் கொற்கை இருக்கிறது. பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம். இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது! ஆறு கொண்டு வந்த வண்டல் படிந்து படிந்து, கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது.

பிறகு காயல் துறைமுகமாயிற்று. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய ஊர் அது. அங்கேயும் கடல் விலகியது. பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது. அங்கே முத்துக்குளிப்பும் 1961-ம் ஆண்டோடு நின்று போயிற்று.

துறைமுகம் இருந்த இடத்தில் வயல். வயல் இருந்த இடத்தில் தோப்பு. தோப்பு இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனை.

"இந்த மனை இருபது வருஷத்துக்கு முன் என்னவாக இருந்தது?" என்ற கேள்வி அதனால்தான் முக்கியம். நஞ்சை வயல் என்றால், தண்ணீர் வந்து நிற்பதற்காகவே தாழ்வாக அமைந்த இடம் அது. வயலுக்குத் தண்ணீர் கொண்டு வந்த வாய்க்கால் எங்கே போயிற்று? யாராவது தூர்த்துச் சுவர் எழுப்பினார்களா? அப்படியானால், மழை வந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வாசற்படி ஏறித்தான் வரும்!

சர்வே வரைபடத்தைப் பார்த்தால் ஓடையும் வாய்க்காலும் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் வீடு நின்றால், வெள்ளம் வராவிட்டாலும் ஆக்கிரமிப்பு நோட்டீசு வரும். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வாங்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதும் தெரிய வேண்டும். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் உண்டான மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதி வந்தது. அந்த வரன்முறை உத்தரவின் நகல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கம் என்ற சாட்சி

மண்ணின் கதையைச் சொல்ல ஆபீஸ் இல்லை. ஆனால் சாட்சிகள் உண்டு.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேளுங்கள். "ஐயா, 2023 வெள்ளத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு?" என்றால், அவர் எழுந்து வந்து சுவரில் கை வைத்துக் காட்டுவார். முழங்காலா, இடுப்பா, நெஞ்சா என்று தெரிந்துவிடும். புதுச் சுண்ணாம்பு மறைத்த கறையை அந்தக் கை காட்டிவிடும்!

கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கடலும் உப்பளமும் அருகில் உள்ள பூமி இது. ஒரு தெருவில் நல்ல தண்ணீர். அடுத்த தெருவில் உப்பு. உப்புத் தண்ணீரில் கட்டிய சுவர் பொரிந்து கொட்டும்; உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

தெருவையும் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்கிறது. வீடு உயர்வதில்லை. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு, இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும்.

கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுப் பெண்களை விசாரிக்கச் சொல்லுங்கள். பத்து நாள் தரகரோடு அலைந்து தெரிந்து கொள்ளாததை, குழாயடியில் பத்து நிமிஷத்தில் அவர்கள் தெரிந்து வந்துவிடுவார்கள்.

ராக்கெட் தளம் வருகிறது என்று விலை சொன்னால், "அந்தத் தளத்துக்கும் இந்தத் தெருவுக்கும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேளுங்கள். நாளை வரப்போகும் விலைக்கு இன்றே பணம் கொடுப்பது வியாபாரிக்குச் சரி. ஒரே ஒரு வீடு வாங்கி அதில் குடியிருக்கப் போகும் குடும்பத்துக்கு, விலையைவிடத் தண்ணீர் முக்கியம்.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

வீடு வாங்குகிறவருக்கு மட்டும் அல்ல இந்த யோசனை. ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கும்தான்.

பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில், பழந்துணியில் சுற்றிய பத்திரம் ஒன்று இருக்கும். தாத்தா கைநாட்டு வைத்தது. "வாசிக்கக் கேட்டுச் சம்மதித்தேன்" என்று யாரோ எழுத, யாரோ வாசிக்க, அவர் பெருவிரலை மையில் தோய்த்தார். தன் வீட்டின் கதையை அவரால் படிக்க முடியவில்லை.

இன்று அவர் பேரன் படிக்கலாம், பேத்தி படிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தை உரக்கப் படியுங்கள். பாட்டியும் அத்தையும் கேட்கும்படி படியுங்கள். பட்டாவில் பெயர் சரியா, எல்லை சரியா, யார் பெயராவது விட்டுப் போயிற்றா என்று பாருங்கள். தப்பு இருந்தால், எல்லோரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே திருத்திக் கொள்ளலாம்.

படித்து முடித்தபின், வெள்ளம் வந்த வருஷத்தையும், தண்ணீர் நின்ற உயரத்தையும் ஒரு தாளில் எழுதி, அதே பெட்டியில் வையுங்கள். பத்திரம் எழுதாமல் விட்ட பாதி அதுதான்.